மாரிக்கு வருகிற மணம்

எழும்பியதும் இராசமணி முகம் கழுவவில்லை, அடுப்பு மூட்டவில்லை. நேரே முன்னறைக்குப் போய் வடக்குச் சுவரில் மூக்கை வைத்தாள். சட்டை கொழுவுகிற ஆணிக்குக் கொஞ்சம் கீழே, அவள் கன்னம் படுகிற உயரத்தில், சுவர் வேர்த்திருந்தது. முதல்நாள் பின்னேரம் வரைக்கும் வெறும் சுண்ணாம்பு மணந்த சுவர், இரவு பெய்த மழையோடு மாறிவிட்டது. ஊறின கயிறு, கரையில் ஒதுங்கிக் கிடக்கும் சாதாளைப் புல், இடுப்பில் ஈரம் காயாத சாரம், எல்லாவற்றுக்கும் அடியில் உப்பு. வழக்கமாக ஐப்பசி நடுவிலேயே வந்துவிடுகிற மணம், இந்த முறை கார்த்திகை பிறந்தும் வராமல் அவளை ஏங்க வைத்திருந்தது. வந்துவிட்டது என்று தெரிந்ததும் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த மூச்சிலேயே, நாளை மறுநாள் பெண் பார்க்க வருகிறவர்களின் நினைவு வந்தது. அவர்களை இருத்துவதற்கு இந்த அறையை விட்டால் வீட்டில் வேறு இடம் கிடையாது.

நெடுந்தீவில் கல்லுக்குக் குறைவில்லை. வேலி கல், கிணற்றுக்கட்டு கல், ஆட்டுக்கொட்டில்கூடக் கல். ஆனால் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லை அப்படியே கொண்டுவந்து வீட்டுச் சுவரில் வைக்க யாரும் துணியமாட்டார்கள். இரண்டு மாரி வெளியில் போட்டுவைப்பார்கள். மழை உப்பைக் கழுவ வேண்டும், வெயில் உள்ளே இருக்கிற சீவனைக் காயவைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேசன் கையில் எடுப்பார். இராசமணியின் புருஷன் ஏரம்புவுக்கு அந்தப் பொறுமை எங்கே? சோறு ஆறும்வரை காத்திராமல் வாயைச் சுட்டுக்கொள்கிற மனிதர். மகள் சறோஜினிதேவிக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவள் பெரியபிள்ளையாவதற்குள் வீட்டு முகப்பில் கல்லால் ஓர் அறை எழும்பிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். மேசன் சொன்னார், தமையன் சொன்னார், இராசமணியும் தன் பங்குக்குச் சொல்லிப் பார்த்தாள். மாசியில் கல் வந்தது. ஆவணியில் கூரை ஏறியது. புதுச் சுண்ணாம்பு மினுங்கிய சுவரில் ஏரம்பு தன் கையாலேயே ஆணி அடித்து, சட்டையைக் கொழுவிவிட்டு, ஊரைப் பார்த்துச் சிரித்தார்.

அந்த மார்கழியில் புயல் அடித்தது. அறைக்குக் கதவுப் பலகை ஏற்றிவர ஏரம்பு தன் வத்தைப் படகில் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார். கூடப் போனவர்கள் இரண்டு பேர்: பக்கத்து வளவுக் குருசுமுத்துவும் ஒரு கூலியாளும். அந்த இருவரின் உடல்களும் கரை சேர்ந்தன. ஏரம்பு வரவில்லை. குருசுமுத்துவை அடக்கம் செய்துவிட்டுச் சனம் திரும்பிய பின்னேரம், அதுவரை எல்லாவற்றையும் அடக்கி வைத்திருந்த புதுச் சுண்ணாம்பு தோற்றுப்போய், சுவர் முதன்முதலாக வேர்த்தது. இராசமணி குசினியில் அடுப்பை விட்டு ஓடிவந்தாள். ஆள் வந்துவிட்டார் என்றுதான் ஓடிவந்தாள். நனைந்த சட்டையோடு வாசலில் நிற்கும்போது அவரில் வருகிற அதே மணம். அறையில் யாரும் இல்லை.

ஊருக்கு இது விளங்காத காரியமில்லை. பச்சைக் கல், மழைக்கு வேர்க்கிறது, நாறுகிறது. இராசமணிக்கும் அது தெரியும். யாராவது மூக்கைச் சுளித்தால் அவளே முந்திக்கொண்டு, "அந்தாள் அவசரப்பட்டுக் கட்டினது" என்று சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே வந்து, விளக்கு வைக்கிற நேரத்தில் அந்த மணம் சுவரை விட்டிறங்கி அறையின் நடுவுக்கு வருவதையும், அங்கிருந்து குசினி வாசல்வரை போய் நிற்பதையும் கவனித்துக்கொண்டிருப்பாள். மூக்கால் ஓர் ஆளின் நடமாட்டத்தை இவ்வளவு கிட்டத்தில் தொடர முடியும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் அவளே நம்பியிருக்கமாட்டாள். முதல் மாரியில் பயந்தாள். இரண்டாம் மாரியில் மூலையில் ஒரு பாய் விரித்து வைத்தாள். அதற்குப் பிறகு கதைக்கத் தொடங்கிவிட்டாள். ஆடு குட்டி போட்டது, கிணறு உவர்த்தது, சறோ நன்றாகப் படிக்கிறாள் என்று ஊர்ப் புதினம் முழுக்கச் சொல்லுவாள். மழை நாட்களில் முன்கதவுக்குக் கொண்டி போடுவதில்லை. காலையில் பாய் ஈரமாக இருக்கும். தூவானம் என்பாள் சறோ. சாத்தியிருந்த கதவைத் தாண்டித் தூவானம் எப்படி மூலைவரை வந்தது என்று இராசமணி கேட்கமாட்டாள். கேட்டால் ஏதாவது ஒரு பதில் கிடைத்துவிடும்.

அப்படியே ஏழு மாரி போய்விட்டது. அவள் நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. கல்யாண வீடுகளில் அவளை முன்னுக்கு வா என்று யாரும் கூப்பிடுவதில்லை. பின்னுக்கு நில் என்று சொல்லவும் யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

அன்று பகல் ஐயாத்துரை வந்தார். ஏரம்புவின் தமையன், சறோவின் சம்பந்தப் பேச்சைத் தலையில் போட்டுக்கொண்டு திரிகிறவர். மாப்பிள்ளை வீட்டுக்காரர் புங்குடுதீவு இறுப்பிட்டி. பையன் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான், சாதகம் பொருந்திவிட்டது, தையில் கல்யாணத்தை முடிக்கலாம் என்கிறார்கள். இதையெல்லாம் அவர் ஏற்கெனவே பலமுறை சொல்லியாயிற்று. இன்றைக்குக் கதிரையில் இருக்காமல், நின்றபடியே பேசினார்.

"அவை பிள்ளையைப் பாக்க மட்டும் வரேல்லை, இராசமணி. தாய் மனுசி கமலாதேவி ஆளனுப்பிக் கேட்டவ. தேப்பன் கடலோடை போனதெண்டால் அந்தியேட்டி எப்ப செய்தவை, திவசம் ஆர் குடுக்கினம் எண்டு. நான் என்னத்தைச் சொல்லுறது?"

"உள்ளதைச் சொல்லுங்கோ, அத்தான்."

"உள்ளது எது? நீரெல்லோ அதைச் சொல்ல வேணும்." அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "கிரியை செய்யாத வீட்டிலை பொம்பிளை எடுத்தால் செத்தது பிள்ளைக்குப் பின்னாலை வரும் எண்டு சனம் பயப்பிடுது. போன வருஷம் அனலைதீவுச் சம்பந்தமும் உதாலைதான் குழம்பினது. ஐயர் சொல்லுறார், தர்ப்பையிலை உருவம் செய்து எரிச்சால் காணுமாம். நீர் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் எல்லாம் சரிவரும்."

இராசமணி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எரிப்பதாம். கடலில் போன மனிதரைப் புல்லில் செய்து எரிப்பதாம். பிறகு அவர் மாரிக்கு எங்கே வருவார்? இதை ஐயாத்துரையிடம் சொன்னால் மந்திரிக்க ஆள் கூட்டிவந்துவிடுவார். சொல்லாவிட்டால் சறோவின் கழுத்தில் தாலி ஏறாது. உள்ளே சறோ மா அரித்துக்கொண்டிருந்த சத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அரிதட்டைக் கையில் பிடித்தபடி தாயின் வாயிலிருந்து என்ன வரப்போகிறது என்று அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இராசமணிக்குத் தெரியும்.

"வரட்டும், அத்தான். வந்து பிள்ளையைப் பாத்திட்டுப் போகட்டும்," என்றாள்.

அவர் பெருமூச்சு விட்டார். போகிற போக்கில் வாசலில் நின்று ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தார். "முதல் உந்த மணத்துக்கு ஏதும் வழி பாரும். வாற சனம் படலையிலையே மூக்கைப் பொத்தப்போகுது."

சறோ வழி வைத்திருந்தாள். தேப்பனைப்போல அவளுக்கும் எதையும் சட்டென்று முடித்துவிட வேண்டும்.

"அம்மா, அவை வாற நேரம் பாத்து முறுக்குச் சுடுவம். வடையும் போடுவம். எண்ணெய் கொதிக்கிற மணத்துக்கு முன்னாலை வேறை ஒண்டும் நிக்காது. படலைக்குள்ளை வரேக்கையே கலியாண வீடு மாதிரி இருக்கும்."

"வேண்டாம். கடையிலை விசுக்கோத்து வாங்குவம்."

"ஏனம்மா?"

"வேண்டாமெண்டால் விடன் பிள்ளை."

சறோ அரிதட்டைக் கீழே வைத்தாள். அவள் சத்தம் போடுகிற பிள்ளையில்லை. அன்றைக்கும் போடவில்லை. "ஐயா இருக்கிறார் எண்டுதானே சொல்லுறியள். பிறகேன் இந்த வீட்டிலை எண்ணெய்ச்சட்டி வைக்கிறேல்லை? தீபாவளிக்கும் இல்லை, வருஷப்பிறப்புக்கும் இல்லை. பக்கத்து வளவு மேரிறோஸக்கா நத்தார்ப் பண்டிகைக்குச் சுட்டுத் தந்தால்தான் எனக்குப் பலகாரம். செத்தவீட்டிலைதானேயம்மா எண்ணெய்ச்சட்டி வைக்கமாட்டினம்?"

பிள்ளை சொன்னது உண்மை. ஆள் செத்து வருஷம் திரும்பும்வரை அந்த வீட்டு அடுப்பில் பலகாரத்துக்கு எண்ணெய்ச்சட்டி ஏறாது. அயலும் உறவும்தான் சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கும். ஆனால் தான் இப்படியொரு விரதம் பிடிக்கிறோம் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் தாச்சியைத் தேய்த்துக் கழுவுவாள். அடுப்பில் வைக்கப் போகும்போது கை பின்வாங்கும். சுகமில்லை என்பாள், எண்ணெய் விலை என்பாள், திரும்பப் பரணில் போட்டுவிடுவாள். சட்டி வைத்தால் அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஆகுமா, செத்து ஆண்டு கழிந்து துக்கமும் ஆறிவிட்டது என்று ஆகுமா? இரண்டில் எதற்கும் அவளுக்குத் துணிவில்லை. பொட்டு வைக்கிற அவளுடைய அதே கைக்கு ஏழு வருஷமாக ஏதோ தெரிந்திருக்கிறது. அந்த எண்ணத்தை அவளால் ஒரு கணத்துக்கு மேல் தாங்க முடியவில்லை.

"மணத்துக்கு வேறை வழி கிடக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

அந்த வேறு வழி ஒன்றரை நாள் நடந்தது. பாய்கள் வெயில் கண்ட இடமெல்லாம் விரிபட்டன. நிலத்தை மஞ்சள் கரைத்த தண்ணீரால் கழுவினாள். அது காய்வதற்குள் சுவர் மறுபடி வேர்த்தது. வேப்பிலையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தாள். புகை இருந்தவரைக்கும் கசந்தது. புகை போனதும் கடல் வந்து நின்றது. அடுத்ததாகச் சாம்பிராணி. சட்டியைக் கையில் ஏந்தி மூலைமூலையாகக் காட்டிக்கொண்டு வரும்போது வடக்குச் சுவரண்டை கொஞ்சம் தயங்கினாள். "கொஞ்ச நேரந்தான்," என்று மகளுக்குக் கேளாத குரலில் சொன்னாள். "பிள்ளையின்ரை காரியம். அவை போனாப்பிறகு வாங்கோ." சுவரிலிருந்து ஒரு துளி வழிந்து நிலத்தைத் தொட்டது.

சறோ துறையடிக் கடைக்குப் போய் ஓடிக்கொலோன் வாசனைப் போத்தல் ஒன்று வாங்கிவந்தாள். ஐயாத்துரை தன் பங்குக்கு வருகிறவர்களை வரவேற்கச் சந்தனக் கட்டையும், பன்னீர்ச் செம்பும், ஒரு கட்டு ஊதுபத்தியும் அனுப்பினார். பள்ளிக்கூடத்துக் கதிரைகளும் வண்டிலில் வந்து முற்றத்தில் இறங்கின. விடிந்ததும் மல்லிகையும் அலரியும் ஆய்ந்து, மாலை கட்டித் தொங்கவிட்டார்கள். அறையின் நடுவில் மேசைபோட இருந்த இடத்தில் இராசமணி குத்துவிளக்கை வைத்து ஏற்றினாள். பக்கத்தில் ஒரு தட்டில் கர்ப்பூரம். சறோ போத்தலைத் திறந்து சுவருக்கும், கதிரைச் சீலைக்கும், மூலைக்குமாக ஓடிக்கொலோனைத் தெளித்துக்கொண்டே போனாள். பிறகு சீலை உடுக்க உள்ளே போய்விட்டாள். மழை விட்டு வெளித்திருந்தது. குறிகட்டுவானிலிருந்து முதல் வள்ளம் வந்துசேர இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தது.

இராசமணி அறைக்குள் தனியே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். நாற்றம் இல்லை. வடக்குச் சுவரில் மூக்கை வைத்தாள். சந்தனம் மணந்தது. ஆணிக்குக் கீழே கன்னத்தை வைத்துத் தேய்த்தாள். ஓடிக்கொலோன் மூக்கில் ஏறியது. முழங்காலில் நின்று நிலத்தை முகர்ந்தாள், மூலையில் கிடந்த பாயை எடுத்து முகத்தோடு சேர்த்துப் பிடித்தாள். பாய் காய்ந்து மொறுமொறுவென்றிருந்தது. ஊறின கயிறு இல்லை, சாதாளை இல்லை, உப்பு இல்லை. ஏழு மாரியாக இந்த அறையில் அவளோடு கூட ஓர் இருப்பு எப்போதும் இருந்தது. இப்போது அது இல்லை என்பது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. துரத்திவிட்டேன், என்று நினைத்தாள். மழைக்கு ஒதுங்க வந்த மனிதரைப் புகை போட்டுத் துரத்திவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மேரிறோஸ் வந்தாள். குருசுமுத்துவின் பெண்சாதி. வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கத் தன் வீட்டு நல்ல கோப்பைகளைத் தட்டில் அடுக்கித் தூக்கிக்கொண்டு, ஏதோ பகிடி சொல்ல வாயைத் திறந்தபடிதான் படலையைத் தாண்டினாள். முற்றத்துக்கு வந்ததும் அவள் கால் நின்றுவிட்டது. அயலில் ஒரு சாவு விழுந்தால் தன் வேதம், மற்றவரின் சைவம் என்று பாராமல் முதல் ஆளாய்ப் போய் நிற்கிறவள் அவள். எத்தனை வீட்டு வாசல்களில் இந்த மணத்துக்குள் நுழைந்திருப்பாள்! சாம்பிராணி, பன்னீர், சந்தனம், பூமாலை, கர்ப்பூரம், எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஓடிக்கொலோன். அடுப்படியிலிருந்து தாளித்த மணமோ பொரித்த மணமோ எதுவும் இல்லை. உள்ளே நடு அறையில் ஒற்றை விளக்கு. வெளியே வரிசையாகக் கதிரைகள். ஒவ்வொன்றாக எடுத்தால் எல்லாமே நல்ல மணங்கள். எல்லாம் ஒன்றாய்ச் சேர்ந்து மணக்கிற இடம் ஊரில் ஒன்றே ஒன்றுதான்.

மேரிறோஸ் தட்டைப் படியில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். சீலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போட்டு, சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டு, குனிந்த தலையோடு உள்ளே வந்தாள். பெண் பார்க்கிற நாள் என்பதெல்லாம் அவளுக்கு அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. கால்கள் தாமாக நடந்தன, வாய் தானாகக் கேட்டது.

"அக்கா, எங்கை வளத்தியிருக்கிறியள்?"

பிரேதத்தை எங்கே கிடத்தியிருக்கிறீர்கள் என்று செத்தவீட்டில் கேட்கிற கேள்வி. கேட்டு முடித்த பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்பது மேரிறோஸுக்கு உறைத்தது. "ஐயோ மாதாவே, என்ரை நாக்கு," என்று வாயைப் பொத்தினாள். ஆனால் இராசமணி கோபிக்கவில்லை. பாயை மார்போடு அணைத்தபடி அவள் விளக்குக்கு முன்னால் இருந்த வெறும் நிலத்தைப் பார்த்தாள். ஓர் ஆள் நீளத்துக்கு, கழுவித் துடைத்த நிலம். அணைத்திருந்த பாயை மெல்லக் குனிந்து அந்த இடத்தில் விரித்தாள்.

"இஞ்சை," என்றாள்.

விரித்த பாயின் பக்கத்தில் விழுந்தாள். முதலில் சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வந்தது. அது அவளுக்கே பழக்கமில்லாத குரல். "என்ரை ராசா, உங்களுக்கு ஒரு பாடை கட்டேல்லையே, ஒரு பிடி வாய்க்கரிசி போடேல்லையே, கரையிலை நிண்டு பாத்தனே, கண்ணெல்லாம் பூத்துதே..." வார்த்தைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வந்தன. ஏழு வருஷத்துக்கு முன்னால் மேரிறோஸ் தன் புருஷனின் பெட்டியைக் கட்டிப்பிடித்துக் கதறியபோது, வேலிக்கு இந்தப் பக்கத்தில் கண்ணீர் இல்லாமல் நின்றவள் இராசமணி. நான் ஏன் அழ வேண்டும், என்னுடையவர் வருவார் என்று நின்றவள். மேரிறோஸ் இப்போது முழங்காலில் நின்று அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "அழு அக்கா. அழுதிடு," என்று சொல்லித் தானும் அழுதாள்.

சத்தம் கேட்டு அயல் பெண்கள் கல்வேலியைத் தாண்டி ஓடிவந்தார்கள். வாசலுக்கு வந்த உடனே மணம் அவர்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிட்டது. பாயைச் சுற்றி வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டார்கள். ஆண்கள் வந்து முற்றத்துக் கதிரைகளில் பேசாமல் உட்கார்ந்தார்கள். உள்வாசலில் சறோ நின்றாள். மாம்பழ மஞ்சளில் புதுச் சீலை, தலை நிறையப் பூ, கண்ணுக்கு மை. வள்ளம் வருகிற நேரம் என்று அவளுக்குத் தெரியும்; இதோடு தன் காரியம் கெட்டது என்றும் தெரியும். தாயை எழுப்பி முகம் கழுவிவிட்டால் இன்னும் நேரம் இருக்கிறது. அவள் இரண்டு அடி வைத்தாள். பாயைப் பார்த்தாள். வெறும் பாய்தான். பார்த்துக்கொண்டே நின்றவள், தலைப் பூவை இழுத்துக் கழற்றி அதன் கால்மாட்டில் வைத்துவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

ஐயாத்துரை முன்னால் வர, கமலாதேவியும் அவள் தம்பியும் படலைக்கு வந்தபோது ஒப்பாரி உச்சத்தில் இருந்தது. ஐயாத்துரை குறுக்கே போய் நின்றார். "இல்லை, இது... ஒண்டும் நடக்கேல்லை, நீங்கள் இதிலை நில்லுங்கோ, நான் பாத்திட்டு..." என்று தடுமாறினார். கமலாதேவி கையை உயர்த்தி அவரை நிற்பாட்டினாள். கனத்த உடம்பு, நரை விழுந்த தலை, சுலபத்தில் சிரிக்காத முகம். வாசலில் நின்று மூச்சை ஒருமுறை இழுத்தாள். கையிலிருந்த பலகாரப் பெட்டியைத் தம்பியிடம் கொடுத்து, "உதை உள்ளுக்குக் கொண்டு வராதை," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அவள் இராசமணிக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள். அவர்களுக்கென்று போட்ட கதிரைகள் பின்னால் வெறுமையாகக் கிடந்தன.

"ஆர்?" என்று மேரிறோஸிடம் மெல்லக் கேட்டாள்.

"இவவின்ரை மனுசன்."

"எப்ப?"

மேரிறோஸ் இராசமணியைப் பார்த்தாள். ஏழு வருஷம் என்று சொல்லுவதா? சுற்றியிருந்த பெண்களின் அழுகை தணிந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இராசமணி தலையை உயர்த்தினாள். முகம் முழுக்கச் சாம்பலும் கண்ணீருமாக இருந்தது. முன்பின் அறியாத அந்த மனுசியின் கண்ணை நேராகப் பார்த்தாள்.

"இண்டைக்கு," என்றாள்.

கமலாதேவி இரண்டு கைகளாலும் இராசமணியின் கழுத்தைக் கட்டி இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, உரித்துள்ளவள் அழுகிறமாதிரி வாய்விட்டு அழுதாள். அவளுக்கு யார் நினைவு வந்ததோ தெரியாது. முற்றத்தில் ஐயாத்துரை, தம்பி செத்துவிட்டான் என்று ஏழு வருஷமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதர், தோளிலிருந்த சால்வையை எடுத்துச் செத்தவீட்டு ஆளாய் இடுப்பில் கட்டினார். கதிரையொன்றைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தார்.

அந்த வீட்டில் ஒருவரும் தேத்தண்ணி குடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கமலாதேவி எழும்பிச் சீலையை உதறிக்கொண்டாள். போயிட்டு வாறம் என்று யாரிடமும் சொல்லவில்லை. செத்தவீட்டில் அப்படிச் சொல்லிக்கொண்டு புறப்படுகிற வழக்கம் இல்லை. படலைவரை போய்விட்டாள். ஐயாத்துரை எழும்பி நின்றார், எதைச் சொல்லி மறிப்பது என்று தெரியவில்லை. வழிவிட எழுந்த சறோ தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கமலாதேவி அங்கிருந்தபடி திரும்பினாள். அழுது வீங்கிய கண்ணும் கசங்கிய புதுச் சீலையுமாக நின்ற பிள்ளையைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

"பிள்ளை," என்றாள், "எட்டாம் நாளுக்கு நாங்கள் வருவம். ஐயாவுக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சுப் படைக்க வேணும். என்னென்ன எண்டு அம்மாவைக் கேட்டு வையும்."

அவ்வளவுதான். குடைகள் இரண்டும் கல்வேலிக்கு மேலால் துறைப் பக்கம் போவது தெரிந்தது. அது சம்மதமா, சாவுக்குச் செய்கிற மரியாதையா என்று முற்றத்து ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சறோ உள்ளே வந்தாள். பெண்கள் எழும்பிப் போகத் தொடங்கியிருந்தார்கள். இராசமணி பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டு, ஓய்ந்துபோய் இருந்தாள். சறோ அவள் முன்னால் குந்தினாள். அவளுக்குத் தெரியாத விசயமில்லை, ஆனாலும் கேட்டாள்.

"அம்மா, ஐயாவுக்கு என்ன விருப்பம்?"

இராசமணிக்குக் கேள்வி போய்ச் சேரக் கொஞ்ச நேரம் எடுத்தது. உதடு அசைந்தது. "கணவாய்க் கறி," என்றாள். பிறகு, யாரோ எங்கேயோ பிழையாகச் சமைத்துவிடப் போகிறார்கள் என்கிற அவசரத்தோடு சொன்னாள்: "மை எடுக்கக் கூடாது பிள்ளை. மையோடை போட வேணும். சட்டி முழுக்கக் கறுப்பாய்க் கிடக்க வேணும், இல்லாட்டித் தொடமாட்டார். துப்புரவாக்கினால் பிறகு எவ்வளவு தேய்ச்சுக் கழுவினாலும் நகத்துக்குள்ளை கறுப்புப் போகாது, இந்தா பார்." இரண்டு கைகளையும் மகளுக்கு முன்னால் விரித்துக் காட்டினாள்.

சறோ அந்தக் கைகளைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். விரல்களில் சந்தனமும் சாம்பலும் அப்பியிருந்தன. நகங்கள் பத்தும் வெளேரென்று இருந்தன.